மூன்றாம் ஓலை

எங்கள் ராயபுரத்துக் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். பூசையில் பிரசங்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு தாளைக் கையில் எடுப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று படிப்பார். சிறுவயதிலிருந்து நான் கேட்டுவந்த வார்த்தைகள். அந்த நேரத்தில் ஆண்கள் பக்கம் இருமுவார்கள், பெண்கள் பக்கம் குழந்தைகளை அதட்டுவார்கள். யாரும் எழுந்துபோய் எதையும் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

என் மூத்த மகளுக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது வாசிக்கவில்லை. அதற்கான காரணத்தைப் பற்றி எங்கள் தெருவில் நாலைந்து கதைகள் உலவுகின்றன. நடந்தது இதுதான்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிச் சரிபார்ப்பது வேலை. எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிற புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் போய் நிற்பேன். மழை பெய்தால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்களா என்று தலைகளை எண்ணுவேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவனுடைய மகள்தான் கடல் தாண்டிப் போனாள்.

அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த சமயம். எங்கள் கோயிலை ஒட்டிய மடத்துக் கன்னியாஸ்திரீகளுக்கு மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒரு வருஷத்துக்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். தொண்டுதான், சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் கொடுப்பார்கள், கப்பல் டிக்கெட் எடுப்பார்கள். அவள் எங்களைக் கேட்காமலேயே மடத்தில் சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"சம்பளம் இல்லாத வேலைக்குக் கப்பல் ஏறிப் போவுதாம்" என்றாள் என் மனைவி. "இங்க மீன் மார்க்கெட்டாண்ட அம்மாம் புள்ளைங்க மூக்கு ஒழுகிகினு நிக்குது. அதுங்களுக்குச் சொல்லிக் குடேன்."

"அதுங்களுக்கு நீ கீறியேம்மா. திட்றதுக்காவது."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரே வருஷம், நைனா. நீ எண்ணிகினே இரு, நான் வந்துடுவேன்" என்றாள்.

அவளுடைய கடிதங்களில் பிள்ளைகளைப் பற்றித்தான் இருக்கும். கொதிக்கவைத்த தண்ணீர் குடிக்கிறாயா, பாம்பு உண்டா, தனியாக எங்கும் போகிறாயா என்று நான் எழுதியவற்றுக்குப் பதில் இருக்காது. அப்பா அம்மா இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவதால் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து தூக்கக் கலக்கத்தோடு வருவார்களாம். முதல் பாடமே முகம் கழுவுவதுதானாம். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால், வராத பிள்ளைக்கும் சேர்த்துப் பக்கத்துப் பிள்ளை "உள்ளேன்" என்று கத்துமாம். டீச்சர் ஊர் எங்கே என்று கேட்டார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன், கடல் என்றால் என்ன என்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தாள். துறைமுகத்து வாசலில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்ட கேள்வி.

அந்த வருஷம்தான் அங்கே பெர்மிட் கெடுபிடி வந்தது. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்றாகிவிட்டது. தோட்டத்திலேயே பிறந்தவர்கள்கூடப் பெட்டியைக் கட்டினார்கள். அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குவதை நான் தினமும் வேலையில் பார்த்தேன். தகரப் பெட்டி, தையல் மெஷின், குடை, பால்மாவு டப்பாவில் அடைத்த சாமான்கள். இறங்கியதும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் சுங்கக் கொட்டகையின் நிழலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவள் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவளிடம் அகரம் படித்த பிள்ளைகள் அவளுக்கு முன்னால் அவள் ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மனிதர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஒரு தழும்பு, தொளதொளவென்று பேண்ட், தோளில் பெட்டி.

"டீச்சரோட அப்பாங்களா? நான் அந்தத் தோட்டத்துலேர்ந்து வரேங்க."

மனைவியை இழந்தவர். ஒரே பெண் குழந்தை, என் மகளின் வகுப்பில் படிக்கிறது. கப்பல் ஏறும் சமயத்தில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டதாம்.

"கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. எனக்குப் பெர்மிட் முடிஞ்சுபோச்சுங்க, நிக்க முடியாது. டீச்சர்தான், நீங்க போங்க, நான் வரும்போது கூட்டிக்கிட்டு வரேன்னாங்க. தெய்வம் மாதிரி."

என் மனைவி சோறு போட்டாள். மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தலை நிமிராமல் சாப்பிட்டார். தெருக் குழாயில் கை கழுவினார். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். எண்ணூர்ப் பக்கம் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது, அங்கே போய்ப் பார்க்கிறேன் என்றார். "கப்பல் வர அன்னிக்கு நான் ஆர்பர்ல நிப்பேங்க" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் நம்பினேன். இப்போது யோசித்தாலும், அன்றைக்கு அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்றே தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில் மகளுக்கு ஒரு வரன் கூடிவந்தது. பையன் ரயில்வேயில் குமாஸ்தா. தெற்கேயிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மிளகாய், புளி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம், எங்கள் வேதம்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு மகளும் சரி என்று எழுதினாள். நிச்சயப் புடவையும் மோதிரமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நாள்தான் இடித்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அது தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால் முடிக்காவிட்டால் பாஸ்குத் திருநாள் தாண்டிப் போய்விடும், அதற்குள் பையனுக்கு வெளியூர் மாற்றல் வந்துவிடும் என்றார்கள். கணக்குப் பார்த்தால், கப்பல் வந்தபின் இரண்டு ஞாயிறுதான் மிச்சம்.

முதல் ஓலையை அவள் வருவதற்குள் வாசித்துவிடலாம் என்பது நாங்கள் எல்லோருமாகச் செய்த ஏற்பாடு. வழக்கப்படி பெண்ணும் பையனும் சாமியார் முன்னால் வந்து ஜெப மந்திரங்கள் ஒப்புவித்த பிறகே ஓலை. மடத்துக்காகப் போனவள், நல்ல பெண் என்று சாமியார் இறங்கிவந்தார். அவள் நடுக்கடலில் இருக்கும்போது எங்கள் கோயிலில் அவள் பெயர் வாசிக்கப்பட்டது. வெளியே வரும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "பொண்ணே இன்னும் தண்ணில கீது. அதுக்குள்ள இன்னாத்துக்கு இம்மாம் அவசரம்?" யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கப்பல் வந்த அன்று நான் கரையில் நின்றேன். கூட வேலை செய்கிறவன் முதலில் பார்த்துவிட்டான்.

"மாமு, அந்தப் பச்சைப் பொடவை ஒம் பொண்ணுதானே? கையில இன்னா, போனஸா?"

மகள் இளைத்துக் கறுத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று ஏணிப்படியில் இறங்கியது. அம்மைக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நெற்றியிலும் கைகளிலும் தழும்பு. இறங்கியதிலிருந்து பேண்ட் போட்ட ஒவ்வொரு ஆளையும் அது அண்ணாந்து பார்த்தது. மாலைவரை கொட்டகை வாசலில் நின்றோம். கூட்டம் கலைந்தது.

"அப்பா லேட்டா, டீச்சர்?"

"ஆமா. வழி தெரியலையா இருக்கும்."

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். "நாளிக்கு வந்துடுவாருடி" என்று என் மனைவி குழந்தைக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள். நாளைக்கும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தை சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடும்.

இரண்டாவது ஞாயிறு மகள் பூசைக்குக் குழந்தையோடு போனாள். வீட்டில் விட்டுவிட்டு வா என்றதற்கு, புது இடம், அழும் என்றாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் தாளை எடுத்து மகள் பெயரை வாசித்ததும், "உள்ளேன்!" என்று ஒரு குரல் கோயில் முழுக்கக் கேட்டது. குழந்தை எழுந்து நின்றிருந்தது. டீச்சர் பெயரைக் கூப்பிடுகிறார்களே, டீச்சர் பேசாமல் இருக்கிறாளே என்று அதுவே பதில் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை தலைகளும் திரும்பி அந்தக் குழந்தையைப் பார்த்தன.

மதியத்துக்குள் கதை தயாராகிவிட்டது. குழாயடிக்குப் போன என் மனைவி பாதிக் குடத்தோடு திரும்பிவந்தாள்.

"இன்னா சொல்றாளுங்க தெரியுமா? மாப்ள மின்னாடியே வந்து சாப்ட்டுட்டுப் போய்ட்டாராம். பொண்ணு பின்னாடி புள்ளையோட வந்துகீதாம். அங்கயே ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமா ஆயிட்டு வந்துகீறா, இதுக்கு ஓலை ஒண்ணு கேடான்றாளுங்க."

கதையில் ஓட்டை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மனைவியை இழந்த மனிதர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தெரு பார்த்திருக்கிறது. அவர் குழந்தை என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறது. ஓலையை அவள் வருவதற்கு முன்னாலேயே அவசரமாக வாசிக்க வைத்திருக்கிறோம்.

மறுநாள் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். "தோத்திரம் சாமி" என்று கைகூப்பி நின்றேன்.

"நான் நம்பவில்லை" என்றார். "ஆனால் தடை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று நான்தான் கோயிலில் கேட்டேன். ஒருவர் வந்து சொல்லிவிட்டார். இனி விசாரிக்காமல் மூன்றாவது ஓலையை என்னால் வாசிக்க முடியாது."

"யார் சாமி?"

"அதை நீங்கள் கேட்கக்கூடாது. கேட்டு என்ன செய்யப்போகிறீர்கள்?"

மலேயா மடத்துக்குத் தந்தி அடித்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு அந்தக் கன்னியாஸ்திரீகள் வேறெங்கோ போயிருந்தார்கள். பதில் வரவில்லை. தோட்டத்திலிருந்து வந்த மற்றவர்களோ இறங்கிய கையோடு ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோயிருந்தார்கள். இங்கிருந்த மடத்துத் தாயார் என் மகளைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார், ஆனால் அவர் அங்கே இருந்து பார்த்தவர் இல்லை. கடைசியில் சாமியார் ஒரு வழி சொன்னார். அந்த மனிதர் நேரில் வந்து, இது என் குழந்தை, இவர் குழந்தையின் டீச்சர், வேறெந்த உறவும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சனிக்கிழமைக்குள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கிறேன்.

பையனின் தாயாரும் வீட்டுக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"எம் மவன் ஒண்ணும் சொல்லல, சம்பந்தி. நாங்களும் ஒண்ணும் நம்பல. ஆனா கடைக்கு வாரவன் போறவன்லாம் கேக்கான், என்ன பதில் சொல்லுதது? அந்த ஆளைக் கூட்டியாந்து சாமி முன்னால நிறுத்திருங்க. எல்லாவன் வாயும் அடைஞ்சிரும்."

நான் லீவு போட்டேன். மகள் தானும் வருவதாகச் சொன்னாள், குழந்தையையும் கூட்டிக்கொண்டாள். "கொழந்தையப் பார்த்தா அவர் ஓடிவருவாரு, நைனா. நீ தனியாப் போய் நின்னா போலீஸ்னு நெனச்சுப்பாரு."

எண்ணூர் போகும் வழியில், திருவொற்றியூரில் ஆரம்பித்தோம். டீக்கடை, விறகுக்கடை, பட்டறை என்று ஒவ்வோரிடமாக விசாரித்தோம். டோல்கேட்டில் ஒரு டீக்கடைக்காரர் சிரித்தார்.

"மலேயாக்காரனா? இங்க தடுக்கி வுழுந்தா ஒரு மலேயாக்காரன் மேலதான் சார் வுழணும். எந்த மலேயாக்காரன்?"

"ஒல்லியா, பேண்ட் போட்டுக்கினு இருப்பாரு."

"பேண்ட்டையெல்லாம் வந்த மாசமே வித்துட்டானுங்க சார்."

அடுத்த நாளும் அலைந்தோம். குழந்தை வெயிலில் சுணங்கவில்லை. எங்கே போகிறோம் என்பது அதற்குத் தெரியும். கடற்கரை வந்தால் மட்டும் நின்று பார்க்கும். இவ்வளவு தண்ணீரையும் தாண்டித்தான் வந்தோமா என்று ஒருமுறை கேட்டது. நான் தலையை ஆட்டிவைத்தேன். என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது சனிக்கிழமை.

சனிக்கிழமை காலை எண்ணூரில் இறங்கி ஆறு கடலில் கலக்கும் பக்கமாக நடந்தோம். முகத்துவாரக்குப்பத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நாங்கள் சொன்ன அடையாளத்தைக் கேட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வெடுவெடுன்னு இருப்பாரே, நெத்தில ஒரு தழும்பு, அவரா? உப்பளத்துல வேலை செய்றாரு. அந்தாண்ட கடைசி குட்சைல கீறாரு. போன வாரந்தானே தாலி கட்னாரு! அந்தப் பொம்பளைக்கி ஏற்கெனவே ரெண்டு புள்ளைங்க, புருசன் கடலுக்குப் போய் வர்ல. இன்னா பண்ணும், பாவம். இவரும் ஒண்டிக்கட்டைன்னாரு. ஊரு பெரியவங்கதான் சேத்து வெச்சாங்க."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஒண்டிக்கட்டை என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் கேட்டுவிட்டது. குழந்தை அதற்குள் முன்னால் நடந்துவிட்டிருந்தது.

கடைசிக் குடிசைக்கு வெளியே அவர் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். லுங்கியில் இருந்தார். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை, குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. ஓடியது. கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றுகொண்டது. அவர் நிமிர்ந்தார். எழுந்திருக்கவில்லை.

குழந்தை இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டியது. "அப்பா, அம்மை போயிருச்சு. பாருங்க, போயிருச்சு."

குடிசைக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். "யாரு இவங்க?"

அவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியல. கப்பல்ல வந்தவங்க போல."

"கொழந்தையப் பாருங்க" என்றாள் மகள். அவள் குரல் அப்படி மெல்லியதாக நான் கேட்டதில்லை. "ஏங்க, கொழந்தையைப் பாருங்க."

"எனக்குப் பிள்ளை கெடையாதுங்க. தோட்டத்துல எத்தனையோ பிள்ளைங்க. டீச்சருக்கு ஆள் மாறிப்போச்சு."

அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சருன்னு ஒனக்கு எப்டித் தெரியும்?"

அவர் காம்பைத் தட்டி இறுக்கினார். அவள் குழந்தையைப் பார்த்தாள், அதன் முகத்தை, அவர் முகத்தை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலில் இரண்டு சின்னப் பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"எங் கையில ரெண்டு கீது" என்றாள் எங்களிடம். "இன்னொண்ணுக்கு இங்க சோறு இல்ல. அவரு தெரியாதுன்னா தெரியாதுதான். கூட்டிகினு போயிடுங்க."

நான் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். "குழந்தையை நீங்க வெச்சுக்க வேணாம். அதை நாங்க பாத்துக்கறோம். ராயபுரம் வரைக்கும் வந்து சாமியார்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. எம் பொண்ணு கல்யாணம் அதுலதான் தொங்குது. எங்க வீட்டுல சாப்ட்டீங்களே."

"சொன்னா அப்புறம் எழுதி வாங்குவாங்க" என்றார். "எழுதிட்டா பிள்ளையை இங்க கொண்டாந்து விடுவாங்க. இந்த எடமும் போயிடும்."

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்தார். குழந்தை அவர் பின்னால் போகவில்லை. கைகளை இன்னும் நீட்டியபடி நின்றது. மகள்தான் போய் அவற்றைக் கீழே இறக்கிவிட்டாள்.

சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது தூரத்தில் அவர் உப்பு வரப்பின் மேல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. மூவரும் ஏறிக்கொண்டோம்.

மாலையில் மகளும் நானும் சாமியாரைப் பார்த்தோம். நடந்ததை அவள் ஒரு வரியில் சொன்னாள். "அவரு வரமாட்டாரு, சாமி."

சாமியார் மேஜையைத் தடவினார். "மாப்பிள்ளை வீட்டில் என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தையை இன்றைக்கே மடத்து அனாதை இல்லத்தில் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பேச்சும் நாளடைவில் அடங்கிவிடும். உன் சத்தியத்தை நம்பி நானும் வாசிக்கிறேன். அங்கே குழந்தைக்கு ஒரு குறையும் இருக்காது, அம்மா."

நல்ல யோசனை. இப்போதும் அதில் தப்பு என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. மடம் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. அவள் தினமும் போய்ப் பார்த்திருக்கலாம்.

"ஒரே நாள்ல ரெண்டு பேர் எப்படி சாமி வேணாம்னு சொல்றது?" என்றாள் மகள்.

"நீ வேண்டாம் என்று சொல்லவில்லையே."

"அதுக்கு அப்படித்தான் தெரியும், சாமி. அதுக்கு அம்மை போட்டப்ப, ஒங்கப்பா ஒன்னை வுட்டுட்டுப் போகல, நான் சேத்துடுவேன்னு சொன்னேன். ஓலையை நிறுத்திடுங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு யோசிக்கலாம் என்றேன். இதை நினைத்துப் பிற்பாடு அழுவாய் என்றேன். உனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்றேன். சாமியார் முன்னால் இவ்வளவும் சொன்னேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. நான் சொல்லிமுடிக்கும்வரை நின்றுவிட்டு, வணக்கம் சொல்லிக் கிளம்பினாள்.

மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்களை வாசித்தார். எங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் அவர் நிறுத்தவோ தயங்கவோ இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கொஞ்சம் பிந்தித்தான் எழுந்தேன்.

அன்று சாயங்காலம் பையனின் தாயார் தம் தம்பியோடு வந்தார். நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் வாங்கிப்போக வந்தது. என் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. மகள்தான் எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். குழந்தை, விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோ என்னவோ, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

அந்த அம்மாள் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது குழந்தையை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் குரோதமில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரித்தான் இருந்தது.

"ஏட்டி, இங்க வா. பயப்படாம சொல்லு. ஒங்கப்பா எங்க இருக்காரு?"

எண்ணூரில் என்று அது சொல்லியிருக்கலாம். உப்பளத்தில், மண்வெட்டியோடு, புதுப் பெண்டாட்டி வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நேற்றுதானே பார்த்தது. நான் முன்னால் குனிந்து, "சொல்லும்மா" என்றேன்.

குழந்தை என்னைப் பார்த்தது, பிறகு அந்த அம்மாளைப் பார்த்தது.

"அப்பா கெடையாது."

"அப்ப நீ யாரு பிள்ளை?"

அது யோசிக்கவில்லை. என் மகளைக் கைகாட்டியது.

அந்த அம்மாள் என் மகளை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் குழந்தையின் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள். நிச்சயப் புடவைத் தட்டை அந்த அம்மாள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.